உங்கள் நட்சத்திரத்தை நீங்கள் பார்த்ததுண்டா?

(மூவார் வட்டாரத் தோட்டமொன்றில், சித்திரைப் பிறப்பையொட்டிக் கூடிய தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்பொழுது, "என்ன நட்சத்திரம்?" என்று கேட்கின்றார்கள். மகம், ரோகிணி, சித்திரை, கேட்டை என்று நாம் தடையின்றிச் சொல்லிவிடுகின்றோம். பிள்ளைகளின் நட்சத்திரமும் மருமக்களின் நட்சத்திரமும் நமக்கு மனப்பாடம். ஆனால், "அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கின்றது? கையை நீட்டிக் காட்டுங்கள்" என்று கேட்டால், இந்தக் கூட்டத்தில் எத்தனை கைகள் உயரும்?

இதனைக் கேட்க எனக்கு உரிமையில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். ஆசிரியப் பயிற்சியை முடித்து, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பணியேற்ற முதலாண்டு அது. ஐந்தாம் வகுப்பில் சூரியக் குடும்பத்தைப் பற்றிக் கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க அக்கா கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொன்னாங்க. அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவனுடைய தந்தை என் இருப்பிடம் தேடி வந்தார். பால்மரம் வெட்டும் தொழிலாளி. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சண்டைக்கு வந்திருக்கின்றாரோ என்று நான் அஞ்சினேன். அவரோ, "வாத்தியாரையா, பையன் கேட்டது எனக்குத் தெரியும். இருட்டட்டும், காட்டுறேன்" என்றார். அன்றிரவு வடக்கு வானத்தில் அருந்ததியைக் காட்டினார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில், தெற்கே உயரத்தில் வளைந்து கிடந்த ஒரு பெரிய தேளையும் காட்டினார். "தை மாசம் இது கிழக்கே கெளம்பும். சித்திரையில உச்சிக்குத் தெக்கே நிக்கும். ஆனியில மேக்கே சாஞ்சிடும். வீட்டுல கடியாரம் இல்லாத காலத்துல எங்கப்பா இதப் பாத்துத்தான் எங்களை எழுப்புவாரு" என்றார்.

அம்மனிதர் இன்று நம்மிடையே இல்லை. அவர் அறிந்திருந்தவற்றை முழுவதும் கேட்டு எழுதிக்கொள்ளாமற் போனேனே என்ற குறை எனக்கு உண்டு. அந்தக் குறையைச் சிறிதேனும் தீர்த்துக்கொள்ளவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன். சோதிடம் பேச நான் வரவில்லை. நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களுக்கு உரிய விளக்குகள் வானத்தில் உண்மையாகவே எரிகின்றன. அவற்றைக் கண்டுகொள்ளப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

நமக்கும் ஒரு வசந்தம் உண்டு

மேல்நாட்டார் மார்ச்சு முதல் மே வரையுள்ள மாதங்களை வசந்தம் என்பர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்குப் பருவங்கள் இல்லை என்று சிலர் நினைக்கின்றனர். ரப்பர் மரத்தை அறிந்த நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதும், பின்னர் செந்தளிர் விடுவதும் உங்களுக்குத் தெரியாதவையல்ல. மற்ற மாதங்களில் கூரைபோல் மூடியிருக்கும் தோட்டம், அந்தச் சில வாரங்களில் வானத்தைத் திறந்து காட்டுகின்றது. நிரையில் நின்று நிமிர்ந்தால், வெறுங்கிளைகளுக்கிடையே விண்மீன்கள் தெரிகின்றன. அதுவே நமது வசந்த வானம்.

தளிர் விட்டு மரங்கள் மூடிக்கொண்டபின், பெரட்டுக்களமும் பள்ளித் திடலும் கோவில் முற்றமும் நமக்குப் போதும். இம்மாதங்களில் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. மழை ஓய்ந்து மேகம் விலகிய இரவில், தூசும் புகையும் கழுவப்பட்டு வானம் மிகத் தெளிவாக இருக்கும். வெளியே வந்ததும் தலைவிளக்கை அணைத்துவிடுங்கள். கண் இருளுக்குப் பழக 15 முதல் 20 நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை விளக்கைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். விளக்கு தேவைப்பட்டால் அதன்மேல் சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். புல்தரையில் கால் வைக்குமுன் பாம்பு இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியும் நிலவும்

வானத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் உள்ளனவே, எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். அதற்கான நூல் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது. அதுதான் நாம் அன்றாடம் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி.

நிலவு வானத்தை ஒருமுறை சுற்றி, புறப்பட்ட விண்மீனிடம் திரும்பிவர ஏறத்தாழ 27 நாளும் 8 மணி நேரமும் ஆகின்றன. அதனால் நம் முன்னோர் நிலவின் பாதையை 27 பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கோ அருகிலோ இருந்த மீனின் பெயரைச் சூட்டினர். அவையே 27 நட்சத்திரங்கள். நாட்காட்டியில் "இன்று மகம்" என்று அச்சிட்டிருந்தால், நிலவு அன்று மகம் என்னும் மீனை ஒட்டிய பங்கில் நிற்கின்றது என்று பொருள். கண்ணகிக்கும் கோவலனுக்கும் திருமணம் நடந்த நாள், மதியம் உரோகிணியைச் சேர்ந்த நாள் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. அது வானத்தைப் பார்த்தவர் எழுதிய செய்தி.

ஆகவே, நாட்காட்டியில் கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்தில் ஒன்று வரும் இரவில் வெளியே வந்து நிலவைப் பாருங்கள். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நிலவிலிருந்து ஒரு முட்டி தொலைவுக்குள் ஒளிரும் மீனே பெரும்பாலும் நீங்கள் தேடுவது. மற்ற நட்சத்திரங்களுள் சில மங்கலானவை. சுவாதி போன்ற சில, நிலவின் பாதையை விட்டு வெகுதூரம் விலகியவை. அதனால்தான் இந்த ஐந்தில் தொடங்கச் சொல்கின்றேன். மாதத்துக்கு ஒன்றாக ஐந்து மாதம் பார்த்தாலும் போதும். பிறகு அவை மறக்கமாட்டா.

நம் மாதப் பெயர்களும் இவ்வாறு வந்தவையே. முழுநிலவு சித்திரை மீனின் அருகே வரும் மாதம் சித்திரை; விசாகத்தின் அருகே வருவது வைகாசி. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கும்போது, முழுநிலவு பூசத்தின் அருகே நிற்கின்றது. மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்று அடுத்தடுத்து வரும் விழாக்கள் எல்லாம், வானத்தில் நிலவு ஒவ்வொரு படியாக ஏறிச் செல்வதன் குறிப்புகளே.

சித்திரை மாதத்து முன்னிரவு

இனி, நிலவில்லாத ஓர் இரவில் வானத்தைச் சுற்றி வருவோம். நான் சொல்லும் காட்சி, சித்திரை முதல் நாளன்று இரவு 10 மணிக்கும், ஏப்ரல் இறுதியில் 9 மணிக்கும், வைகாசி பிறக்கும்போது 8 மணிக்கும் தெரியும். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி எழுவதே இதற்குக் காரணம். நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம்.

மேற்கே: தஞ்சோங் எமாஸ் கடற்கரையிலிருந்து பார்த்தால், மலாக்கா நீரிணைக்கு மேலே ஒரே வரிசையில் மூன்று மீன்கள் நெருக்கமாக நிற்கும். அவை ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை. அவற்றுக்கு வலப்பக்கம் செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. இடப்பக்கம் வெண்ணீலமாக இருப்பது ரைஜல். மூன்று மீன்களின் கோட்டை மேல்நோக்கிச் சற்றே இடப்புறமாக நீட்டினால், இரவு வானத்து மீன்களிலேயே மிக ஒளியுடைய சிரியசை அடையலாம். சித்திரைத் தொடக்கத்தில் அந்தி மங்கியவுடன் வெளியே வந்தால், மேற்கே தாழ்வாகச் சிறு கொத்தாக மின்னும் கார்த்திகையையும், அதற்கு மேலே சிவந்த ரோகிணியையும் காணலாம். சில வாரங்களில் அவை கதிரவனின் ஒளியில் மறைந்துவிடும்.

திருவாதிரையைப் பற்றி ஒரு செய்தி. 2019-ஆம் ஆண்டு இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னர் மீண்டும் ஒளி பெற்றது. அம்மீன் வெளியே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி, முகில்போல் மறைத்ததே காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். இந்த மாற்றத்தைக் காணக் கருவி ஏதும் தேவைப்படவில்லை. திருவாதிரை எவ்வளவு ஒளியுடையது என்று முன்பே பார்த்துப் பழகிய எவரும் வெறுங்கண்ணால் கண்டிருக்கலாம். பழகாதவர்களுக்கு அது நடந்ததே தெரியாது.

உச்சியில்: தலைக்கு மேலே, சற்று வடக்கே அரிவாள் போன்ற ஒரு வடிவம் தெரியும். அந்த அரிவாளின் கைப்பிடி முனையில் இருப்பது மகம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 79 ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் மகத்தின் ஒளி புறப்பட்ட காலத்தில், 1957-இல் விடுதலை பெற்ற நம் நாடு இன்னும் விடுதலை பெற்றிருக்கவில்லை. மகத்திற்கு வடமேற்கே இரட்டையர்போல் நிற்கும் இருமீன்கள் புனர்பூசம். இரண்டுக்கும் நடுவே உற்றுப் பார்த்தால், மங்கிய பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒன்று தென்படும். அதுவே பூசத்தை ஒட்டிய மீன்கூட்டம். இருகண் நோக்கியால் பார்த்தால், அந்தப் பஞ்சு பல மீன்களாகப் பிரிந்து காட்டும்.

வடக்கே: மூவார் நகரிலிருந்து பார்த்தால் லேடாங் மலை ஏறத்தாழ வடக்கே அமைந்திருக்கின்றது. அந்தத் திசையில், மலைக்கு மேலே சற்று வலப்புறமாக ஏழு மீன்கள் அகப்பை போல் எழுந்து நிற்கும். அவையே சப்தரிஷி மண்டலம். அகப்பையின் காம்பில் நடுமீன் வசிஷ்டர். அதனை ஒட்டி மிகச் சிறிய புள்ளியாக ஒரு மீன் தெரிகின்றதா? அதுதான் அருந்ததி. மணமேடையில் பகல் வெளிச்சத்தில் புரோகிதர் காட்டிய திசையில் தலையசைத்துவிட்டு வந்த தம்பதியரே, உங்கள் வாழ்க்கைத் துணையை அழைத்துச் சென்று இன்றிரவு மெய்யாகவே பாருங்கள். அருந்ததி தெரிந்தால் உங்கள் கண்பார்வையும் நன்றாக இருக்கின்றது என்று பொருள்.

வடக்கே இன்னொரு மீனையும் நினைக்க வேண்டும். ஆனால் அதனைக் காண்பது அரிது. துருவ மீன் ஓர் ஊரின் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றதோ, அதுவே ஏறத்தாழ அவ்வூரின் அட்சரேகை. நாகப்பட்டினத்தில் அது ஏறக்குறைய 11 பாகை உயரத்தில் நிற்கும். பினாங்கில் 5 பாகை. மூவாரில் 2 பாகையே. அதாவது, இந்நகரிலிருந்து பார்க்கும்போது லேடாங் மலையின் உயரமே அதற்கு, மூடுபனியில் மறைந்துவிடும். உங்கள் பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிக் கடல் கடந்து வந்தபோது, ஊரையும் உறவையும் மட்டும் பின்னே விட்டுவரவில்லை. இரவுக்கு இரவு துருவ மீன் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே வந்தது. அதற்கு ஈடாகத் தெற்கு வானம் உயர்ந்துகொண்டே வந்தது.

தெற்கே: அவ்வாறு உயர்ந்து வந்தது தென்சிலுவை. பழைய புராணக் கதையில் வரும் திரிசங்குவின் பெயராலும் இதனை அழைப்பர். நாகப்பட்டினத்தில் அது மிக உயர்ந்த நிலையிலும் அடிவானத்தை விட்டு 20 பாகை அளவே மேலேறும். இங்கோ 30 பாகையை நெருங்குகின்றது. தென்கிழக்கை ஒட்டித் தெற்கே பாருங்கள். சாய்ந்த பட்டம் போன்று நான்கு மீன்கள். அதற்கு இடப்பக்கம் கீழே இரண்டு பெரிய மீன்கள் அதனைச் சுட்டி நிற்கும். அவ்விரண்டில் தாழ இருப்பது ஆல்பா செண்டாரி. கதிரவனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள மீன்குடும்பம் அதுவே. அதன் ஒளி வர 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. சிலுவையின் நீளக் கோட்டை அதன் அடிப்பக்கமாக நாலரை மடங்கு நீட்டினால், அடிவானத்தில் தென்திசையைத் தொடலாம். இருட்டில் வழி தடுமாறினால் இது கைகொடுக்கும். தென்மேற்கே தனியே வெண்மையாக ஒளிர்வது அகத்தியர் பெயர் பெற்ற மீன். ஒளியில் சிரியசுக்கு அடுத்தது இதுவே.

கிழக்கே: சப்தரிஷி அகப்பையின் காம்பு வளைவதைப் பின்பற்றி வாருங்கள். மஞ்சள் கலந்த செம்மையில் ஒரு பெரிய மீன் வரும். அது சுவாதி. அதன் ஒளிக்கு வயது ஏறத்தாழ 37. இங்கே 37 வயதுள்ளவர் யாரேனும் இருந்தால், நீங்கள் பிறந்த ஆண்டில் புறப்பட்ட ஒளியை இன்றிரவு பார்க்கின்றீர்கள். அதே வளைவில் மேலும் தொடர்ந்தால், நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. புத்தாண்டு மாதத்துக்குப் பெயர் தந்த விளக்கு அதுவே.

பால்வெட்டுக்குப் போகும் வேளை

முன்னிரவு வானத்தைப் பார்க்க நகரத்தார்க்கும் நேரம் உண்டு. விடியற்கால வானம் உங்களுடையது. ஊர் உறங்கும்போது உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு புறப்படுபவர்கள் நீங்கள்.

சித்திரைத் தொடக்கத்தில் காலை 5 மணிக்குத் தெற்கே நிமிர்ந்து பாருங்கள். நான் முன்னர் சொன்ன தேள் அங்கே நிற்கும். பெயருக்கும் உருவுக்கும் இத்துணைப் பொருத்தமுள்ள மீன்கூட்டம் வேறொன்று இல்லை. அதன் நெஞ்சில் செந்தணல் போன்று இருப்பது கேட்டை. சுருண்ட வால்பகுதி மூலம். தேளின் வாலை ஒட்டி வெண்புகை போன்று அகன்று கிடப்பது பால்வீதி. அந்தப் பக்கந்தான் நம் கதிரவனும் உட்பட்ட மாபெரும் மீன்திரளின் நடுப்பகுதி உள்ளது. பால் எடுக்கும் தொழிலாளிக்குத் தலைக்குமேல் பால்வீதி என்பதில் ஓர் அழகு இருக்கின்றதல்லவா?

மே மாதம் 5, 6 தேதிகளை ஒட்டிய நாட்களில், காலை 4 மணி முதல் விடியும் வரை கிழக்குப் பக்கம் கவனியுங்கள். எரிமீன்கள் விரைந்து பாய்வதைக் காணலாம். அவை ஹாலி வால்மீன் தன் பாதையில் உதிர்த்துச் சென்ற துகள்கள். பூமி அந்தப் பாதையைக் கடக்கும்போது, அவை காற்றில் உரசி எரிகின்றன. ஹாலி வால்மீன் 1986-இல் வந்து சென்றது. மீண்டும் 2061-இல் வரும். அதுவரை ஒவ்வொரு மே மாதமும் அதன் தூசியைப் பார்க்க நமக்கு வாய்ப்பு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு இது ஐரோப்பியரைக் காட்டிலும் நன்றாகவே தெரியும். எரிமீன் தீய அறிகுறி என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலானவை மணலளவே உள்ள துகள்கள்.

விடிவெள்ளியை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. சில மாதங்கள் விடியலில் கிழக்கேயும், சில மாதங்கள் அந்தியில் மேற்கேயும் தெரியும் அது, வெள்ளி என்னும் ஒரே கோள்தான். மீன்கள் மின்னும், கோள்கள் அவ்வளவாக மின்னுவதில்லை. மீன்கள் தம்முள் இடம் மாறுவதில்லை. கோள்கள் வாரத்துக்கு வாரம் நகரும். மகத்துக்கு அருகிலோ சித்திரைக்கு அருகிலோ முன்பு இல்லாத புதிய ஒளி நின்றால், அது ஒரு கோள் என்று அறியுங்கள். இரண்டும் இன்றி, மின்னாமல் சீராக ஓடி நாலைந்து நிமிடத்தில் வானைக் கடப்பது அனைத்துலக விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றது.

எளியவர்க்கும் உரிய கல்வி

அந்நிலையத்துக்கு நம் நாட்டிலிருந்து முதன்முதலாகச் சென்றவர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர். 2007 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் புறப்பட்டார். அவர் பள்ளிப் படிப்பை முடித்தது வேறெங்குமன்று, இதே மூவாரிலுள்ள மாரா இளநிலை அறிவியல் கல்லூரியில்தான். நம் பிள்ளைகள் பார்க்கும் அதே வானத்தை அவரும் இந்த ஊரிலிருந்து பார்த்திருப்பார்.

இன்னொருவரைச் சொல்லுகின்றேன். சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்றொருவர் இருந்தார். இளமையிலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்து, நாள்தோறும் வானத்தைப் பார்த்துப் பார்த்தே தேர்ச்சி பெற்று, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல், தென்வானில் ஒளி மாறும் மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1874-இல் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடக்கவிருந்தபோது, மக்கள் அதனைப் புரிந்துகொள்வதற்காக நூல் எழுதி, அதனை இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அறிவு தம்மோடு நின்றுவிடலாகாது என்று கருதிய மனிதர் அவர். இன்றும் தமிழ்நாட்டில் சவ்வாது மலையிலுள்ள காவலூரில், வைணு பாப்பு பெயர்கொண்ட வானாய்வகம் இயங்குகின்றது. அங்குள்ள பெருந்தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது.

தொலைநோக்கி வாங்கித் தரும்படி பிள்ளைகள் கேட்டால், விலை மலிந்த விளையாட்டுக் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். முதல் ஓராண்டுக்குக் கண்ணே போதும். பிறகு, பலர் கூடி ஓர் இருகண் நோக்கி வாங்கிக்கொள்ளலாம். அதன்வழி நிலவின் குழிகளும், வியாழனின் துணைக்கோள்களும், கார்த்திகையில் கண்ணுக்குத் தெரியாத மீன்களும் தெரியும். எக்கருவியாலும், வெறுங்கண்ணாலும், கதிரவனை நேராகப் பார்க்கக்கூடாது, பார்வை போய்விடும். இதனைப் பிள்ளைகளுக்கு மறவாமல் சொல்லுங்கள்.

கதிரவனை வேறு வழியில் ஆராயலாம். மார்ச்சு 26-ஆம் நாளை ஒட்டி, பிற்பகல் ஏறத்தாழ 1 மணி 15 நிமிடத்துக்கு, பள்ளித் திடலில் ஒரு கம்பை நேர்க்குத்தாக நடுங்கள். அதன் நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். மூவாரில் கதிரவன் சரியாக உச்சியில் நிற்கும் நாள் அது. செப்டம்பர் 17-ஐ ஒட்டி இது மீண்டும் நிகழும். உச்சிப்பொழுது ஏன் 12 மணிக்கு வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். தீபகற்பத்தின் கடிகாரங்கள் 1982 சனவரி முதல் நாளிலிருந்து, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றுபடுத்தப்பட்டன. நம் கதிரவனோ இடம் மாறவில்லை என்று விடை சொல்லுங்கள். ஒரு கம்பும் ஒரு கேள்வியும் ஒரு முழுப் பாடம் ஆகிவிடும். வாய்ப்புள்ள பள்ளிகள், கோலாலம்பூரில் 1994-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே, இறுதியாக ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து முன்னேறி நகரங்களுக்குச் செல்கின்றனர். செல்ல வேண்டியதுதான், அது நம் அனைவரின் விருப்பம். ஆனால் நகரத்தில் தெருவிளக்கும் தொழிற்சாலை விளக்கும் வானத்தை வெளுத்துவிடுகின்றன. அங்கே அருந்ததி தெரியமாட்டாள். பூசத்தின் பஞ்சு தெரியாது. பால்வீதி அறவே தெரியாது. இருண்ட வானம் இன்று தோட்டத்தில்தான் மிஞ்சியிருக்கின்றது. அந்த வானத்தை அறிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றார்கள்.

ஆகவே, தந்தையரும் தாய்மாரும் பாட்டன் பாட்டிமாரும், இம்மாதம் ஒரே ஓர் இரவு உங்கள் பிள்ளையைக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். அவன் நட்சத்திரத்தையோ, உங்கள் நட்சத்திரத்தையோ, இயலாவிட்டால் நிலவின் அருகில் நிற்கும் ஒரு மீனையோ காட்டுங்கள். நாள், நேரம், பார்த்தது எது என்று மூன்று வரி, ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் அவனை எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் இன்னும் மூன்று வரி. ஓராண்டு கழிந்தபின், அது அவனே கண்டறிந்த வானநூல்.

"எனக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று சொல்லாதீர்கள். ஆசிரியனாக இருந்த எனக்கு அருந்ததியைக் காட்டியவர் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு தோட்டத் தொழிலாளி. அன்று வகுப்பில் நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை, இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கின்றேன்: "நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. இருட்டட்டும், சேர்ந்து பார்ப்போம்."

வானம் தெளிவாக இருக்கும் என்று நம்புகின்றேன். கூட்டம் முடிந்ததும், திடலின் விளக்குகளைச் சற்று அணைத்துவைக்க நிர்வாகத்தார் இசைந்துள்ளனர். வாருங்கள், வடக்குப் பக்கம் போய் நிற்போம்.